சென்னைத் துறைமுகமா, சிங்கப்பூர் துறைமுகமா: குடும்பத்தோடு கப்பல் பயணத்தைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

கப்பல் சுற்றுலா போக விரும்பும் சென்னைவாசிகளுக்கு இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நம் ஊர்த் துறைமுகத்திலிருந்தே புறப்படும் கப்பலில் ஏறுவது. 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த, கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் அந்த வழியை எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியது. மற்றொன்று, சிங்கப்பூர் வரை விமானத்தில் போய், அங்கிருந்து புறப்படும் பெரிய வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் ஏறுவது. நாங்கள் முதல் வழியில் போய்ப் பழகியவர்கள். அடுத்த பயணத்தைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, பழகிய கப்பலிலேயே மறுபடியும் போவதா, சிங்கப்பூர் போவதா என்று வீட்டில் பல வாரங்கள் விவாதம் நடந்தது. எண்பதைக் கடந்த என் தாயார், நானும் என் கணவரும், மகனும் மருமகளும், பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் இருவர் என நான்கு தலைமுறையினர் ஒன்றாகப் போகும் பயணம் என்பதால், ஒருவருக்குச் சுகமானது இன்னொருவருக்குச் சுமையாகிவிடக் கூடாது என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது.

விளம்பரப் படங்களை எத்தனை பார்த்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. நீச்சல் குளம், நாடக அரங்கு, பஃபே உணவகம் ஆகியவை எல்லாக் கப்பல்களிலும் இருக்கின்றன. எங்களுக்கு உண்மையில் வழிகாட்டியது ஒரே ஓர் அளவுகோல்தான். வீட்டுக் கதவைப் பூட்டிய நேரம் முதல் கப்பல் அறையின் கட்டிலில் உட்காரும் நேரம் வரை, குழுவில் உடல்வலு மிகக் குறைந்தவர் எவ்வளவு நடக்க வேண்டும், எத்தனை வரிசைகளில் நிற்க வேண்டும், எத்தனை மணி நேரம் தூக்கத்தை இழக்க வேண்டும் என்று தாளில் எழுதிப் பார்த்தோம். பணம், விசா, கேபின் என்று மற்ற எல்லாவற்றையும் அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்தோம்.

பழகிய கப்பலின் நன்மைகளை முதலில் சொல்ல வேண்டும். நங்கநல்லூரிலிருந்து ராஜாஜி சாலைக்கு வாடகைக் காரில் போய்விடலாம். துறைமுக வாயிலில் பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் காட்டிவிட்டு உள்ளே போனால், அன்று பிற்பகலே கப்பலில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். விசாகப்பட்டினம் போன்ற உள்நாட்டுத் துறைகளுக்கு மட்டும் போகும் பயணமாக இருந்தால் பாஸ்போர்ட்டும் தேவையில்லை. எம்ப்ரஸ் 1990-இல் கட்டப்பட்ட கப்பல். முன்பு ராயல் கரீபியன் நிறுவனத்திடம் இருந்தது. நீளம் ஏறத்தாழ 210 மீட்டர். இன்றைய பெருங்கப்பல்களோடு ஒப்பிட்டால் அது சிறியதுதான் என்றாலும், அந்தச் சிறுமையே என் தாயாருக்கு வசதியாக அமைந்தது. லிஃப்டிலிருந்து உணவகத்துக்கும், உணவகத்திலிருந்து அறைக்கும் அவர் தாமாகவே கைத்தடியுடன் போய்வந்தார். அறையைச் சுத்தம் செய்ய வந்த தூத்துக்குடித் தம்பி அவரைப் ‘பாட்டி’ என்று அழைத்து, இரவில் குடிக்க வெந்நீர் வேண்டும் என்பதை முதல் நாளிலேயே தெரிந்துகொண்டார். முதியவர்களுக்கு இதன் மதிப்பு அதிகம்: தமக்கு வேண்டியதைத் தம் மொழியில் ஒருமுறை சொன்னால் போதும் என்ற நிலையில் அவர்கள் அச்சமின்றி நடமாடுகிறார்கள்.

அதே கப்பல் 2023 ஜூன் மாதம் முதல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளும் அந்தப் பாதையில் இருந்தன. காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம் போய், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் நின்றதை என் தாயார் இன்றும் அடிக்கடி சொல்வார். அருகிலுள்ள துறை, அருகிலுள்ள மொழி, பழகிய சாப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்து அமைந்த அந்தப் பயணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே சிங்கப்பூர்க் கப்பலை எடைபோட்டோம்.

இருந்தும் பழகிய கப்பலை அந்த முறை தேர்ந்தெடுக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம் பள்ளி நாட்காட்டி. மும்பை, கோவா பக்கத்துக் கடல் தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும் மாதங்களில்தான் அந்தக் கப்பலைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 2022-இலும் 2023-இலும் சென்னைப் பயணங்கள் ஜூன் மாதத்தில் தொடங்கியது அதனால்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை வகுப்புகள் மும்முரமாக நடக்கும். நீண்ட விடுமுறை ஏப்ரல், மே மாதங்களிலும் அரையாண்டுத் தேர்வு முடியும் டிசம்பர் இறுதியிலும்தான் கிடைக்கும். எனவே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக நினைக்கும் பெற்றோர், கப்பலைப் பற்றி யோசிக்கும் முன்பே தேதிகளைப் பார்த்துவிட வேண்டும். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது காரணம் என் தாயாரின் ஆசை. அவருடைய தந்தையார் பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த ‘ரஜூலா’ கப்பலை அறியாத பழைய தஞ்சாவூர்க் குடும்பம் இருக்காது. 1926-இல் கடலில் இறங்கிய அந்தக் கப்பல் 1973 வரை இந்தப் பாதையில் ஓடியது. அதன் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்கு ஆளானதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. தந்தையார் வந்திறங்கும் நாளில் துறைமுகத்துக்குப் போய்க் காத்திருந்த சிறுமி, அவர் வேலை பார்த்த ஊரைத் தாம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொன்னபோது, நாங்கள் தேட வேண்டிய கப்பல் எது என்பது ஓரளவு தெளிவானது. பினாங்கில் நிற்கும் கப்பலாக அது இருக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் பலவகை உண்டு. ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் நிறுவனத்தின் ‘கென்டிங் ட்ரீம்’ 2016-இல் ஜெர்மனியில் கட்டப்பட்டது. சுமார் 335 மீட்டர் நீளமும் ஒன்றரை லட்சம் டன் கொள்ளளவும் உடையது. இந்தியச் சைவ உணவும் அதில் கிடைக்கிறது. ராயல் கரீபியன் நிறுவனமும் தன் பெரிய கப்பல்களைப் பருவத்துக்கு ஏற்பச் சிங்கப்பூருக்கு அனுப்புகிறது. பேரப்பிள்ளைகள் கேட்டது டிஸ்னி நிறுவனத்தின் ‘டிஸ்னி அட்வென்ச்சர்’ என்ற புத்தம்புதிய கப்பலை. சுமார் 2 லட்சத்து 8 ஆயிரம் டன் கொண்ட அந்தக் கப்பல், வேறு துறைகளில் நிற்காமல் கடலிலேயே மூன்று அல்லது நான்கு இரவுகள் சுற்றிவிட்டுச் சிங்கப்பூருக்குத் திரும்பும் வகையில் திட்டமிடப்பட்டது. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாகவே இருக்கும். ஆனால் இறங்கிப் பார்க்க ஊர் இல்லாத பயணம் என் தாயாருக்கு ஏற்றதல்ல என்பதால் அதைத் தவிர்த்து, கென்டிங் ட்ரீமைத் தேர்ந்தெடுத்தோம்.

புத்தம்புதிய கப்பல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். டிஸ்னி அட்வென்ச்சரின் முதல் பயணம் 2025 டிசம்பருக்கு அறிவிக்கப்பட்டு, கட்டுமானப் பணி தாமதமானதால் 2026 மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. டிசம்பர் விடுமுறையை நம்பித் திட்டமிட்ட குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் நிறுவனம் தன் கட்டணத்தைத் திருப்பித் தந்தாலும், விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் கட்டிய பணத்துக்கு நாம்தான் பொறுப்பு. ஆகவே இன்னும் ஓடத் தொடங்காத கப்பலுக்கு முன்பதிவு செய்பவர்கள், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விமானச் சீட்டையும் விடுதியையும் மட்டுமே எடுக்க வேண்டும். எங்களைப் போல முதியவரை அழைத்துப் போகிறவர்கள், கப்பல் சில மாதங்கள் ஓடிப் பழகும் வரை காத்திருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. பணியாளர்களுக்கும் கப்பல் புதிது, பயணிகளுக்கும் புதிது என்ற நிலையில் வரிசைகள் நீள்வது இயல்பு.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஒப்பீட்டில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். சிங்கப்பூர்க் கப்பலின் விளம்பரக் கட்டணத்தைச் சென்னைக் கப்பலின் கட்டணத்தோடு நேராக ஒப்பிட்டால், ‘இவ்வளவுதானா வித்தியாசம்’ என்று தோன்றும். எங்கள் கணக்கில் விமானச் சீட்டு, சிங்கப்பூரில் முன்னும் பின்னும் தங்கிய விடுதி, விசா, காப்பீடு, டாக்ஸி ஆகியவை சேர்ந்து கப்பல் கட்டணத்தையே எட்டிப்பிடித்தன. கப்பலுக்குள்ளும் செலவு உண்டு. துறைமுகக் கட்டணமும் வரிகளும் விளம்பரத் தொகையில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பணியாளர்களுக்கான டிப்ஸ் தொகையை வெளிநாட்டுக் கப்பல்கள் ஒரு நபருக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிலேயே சேர்த்துவிடுவது வழக்கம். குழந்தைக்கும் அது உண்டு என்பதால் ஏழு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. இணைய வசதிக்குத் தனிக் கட்டணம். நம் வங்கியின் கிரெடிட் கார்டில் வெளிநாட்டு நாணயத்தில் செலவழித்தால் பல கார்டுகளில் மூன்றரை சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிப்பார்கள். கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையில் கைபேசி தானாக இணைந்துகொண்டால் சாதாரண ரோமிங் திட்டம் அதற்குப் பொருந்தாது, தனியாகப் பெருந்தொகை ஏறிவிடும். எனவே கப்பல் கரையை விட்டதும் எல்லோருடைய கைபேசியையும் ‘ஏரோபிளேன் மோட்’ நிலையில் வைக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சுற்றுலாவைத் தொகுப்பாக முகவரிடம் வாங்கும்போது டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். உள்நாட்டுக் கப்பல் பயணத்துக்கு அது இல்லை. இந்தத் தொகையை வருமானவரிக் கணக்குத் தாக்கலின்போது ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், யாருடைய பான் எண்ணில் அது பிடிக்கப்பட்டதோ அவர் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது கைக்கு வரும். கணக்குத் தாக்கல் செய்யும் அளவுக்கு வருமானம் இல்லாத முதியவரின் பெயரில் பணம் கட்டினால், அந்தச் சிறு தொகைக்காக அவருக்கும் தாக்கல் செய்ய வேண்டிவரும். எங்கள் முகவர் இதைச் சொல்லவில்லை. வங்கியில் வேலை பார்த்தவள் என்பதால் நானே கேட்டு, முழுத் தொகையையும் என் மகனின் பான் எண்ணில் பதிவு செய்யச் சொன்னேன்.

கேபின் கட்டணம் இருவருக்கு என்று கணக்கிடப்படுகிறது. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இருவருக்கான கட்டணத்தைச் செலுத்த நேரும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும். மாமியார் ஒருவரோடு அல்லது விதவையான அத்தை ஒருவரோடு போகும் குடும்பங்கள், யார் யாரோடு தங்குவது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்தால் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம். நானும் என் தாயாரும் ஓர் அறையில் தங்கினோம். என் கணவர் மூத்த பேரனோடு அடுத்த அறையில் தங்கினார். மகனும் மருமகளும் சின்னவளோடு மூன்றாவது அறையில் தங்கினார்கள்.

எந்த அறையை எடுப்பது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மேல்தளத்தில் பால்கனியோடு இருக்கும் அறைகளையே முகவர்கள் பரிந்துரைப்பார்கள். முதியவருக்கு வேண்டியது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில், லிஃப்டுக்கு அருகில் உள்ள அறை. கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுவில்தான் அசைவு மிகக் குறைவு. உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். 335 மீட்டர் நீளமுள்ள கப்பலில் முன்கோடி அறை கிடைத்தால், பின்கோடியில் உள்ள உணவகத்துக்குப் போய்வருவதே என் தாயாருக்கு ஒரு நாள் வேலையாகிவிடும். குளியலறையில் நுழைவுப் படி எவ்வளவு உயரம், கைப்பிடி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலி உள்ளே போகும் அகலமான அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் சிலவே இருக்கின்றன, அவை முதலில் தீர்ந்துவிடும். வெளிநாட்டுக் கப்பல்களின் கழிவறையில் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் இருக்காது என்பதால், ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

விசா விஷயத்தில் ஒரே ஒரு வரியைக் கவனமாகப் படிக்க வேண்டும். இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் செல்ல விசா தேவை. அதை அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகவே எடுக்கிறோம். கப்பல் சிங்கப்பூரை விட்டு மலேசியாவுக்குப் போய்த் திரும்பி வரும்போது நாம் இரண்டாவது முறையாகச் சிங்கப்பூருக்குள் நுழைகிறோம். ஆகவே விசாவில் பலமுறை நுழைவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வருகைப் பதிவு அட்டையை விமானத்தில் போகும்போது ஒருமுறையும், கப்பலில் திரும்பும்போது மறுமுறையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டையும் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் செய்ய வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாட்கள் வரை விசா இல்லாத அனுமதி தந்திருக்கிறது. பாஸ்போர்ட் ஆறு மாதங்களாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே என்றாலும், குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்கே வழங்கப்படுவதால் அது முடியும் தேதியைத் தனியாகப் பார்ப்பது அவசியம்.

மருந்துகளைப் பற்றி இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்ற சிலவற்றுக்கு முன் அனுமதி தேவை. வீட்டு மசாலாப் பொடிகளில் கசகசா சேர்ப்பது நம் வழக்கம். சிங்கப்பூருக்குக் கசகசா கொண்டுபோகக் கூடாது. அதனால் பொடி வகைகள் எதையும் எடுக்க வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வைத்திருந்தோம். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். கப்பல் மருத்துவருக்குக் கொடுக்கும் கட்டணம் வெளிநாட்டு மருத்துவமனைக் கட்டணத்தைப் போன்றது என்பதால் காப்பீடு இல்லாமல் முதியவரை அழைத்துப் போகக் கூடாது. எண்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு ஈடு உண்டா, கப்பலிலிருந்து கரைக்கு அவசரமாக மாற்றும் செலவு அடங்குமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டினோம். கடல் மயக்கத்துக்கு நம்மவர்கள் அவோமின் மாத்திரையை எடுத்துப்போவார்கள். அது மயக்கம் வருவதற்கு முன் சாப்பிட வேண்டிய மாத்திரை. தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும் என்பதால் முதியவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது.

கடல் விஷயத்தில் சிங்கப்பூர்ப் பாதைக்கு ஒரு தெளிவான மேன்மை உண்டு. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை கப்பல் மலாக்கா நீரிணையில் போகிறது. ஒரு பக்கம் சுமத்ரா தீவும் மறுபக்கம் மலாயாத் தீபகற்பமும் அணைகட்டியதுபோல் நிற்பதால், அங்கே பெரிய அலை எழுவது அரிது. வங்காள விரிகுடா அப்படிப்பட்டதல்ல, திறந்த கடல். சென்னைக் கப்பலில் ஓர் இரவு முழுவதும் என் மருமகள் தலை தூக்க முடியாமல் படுத்திருந்தாள். நீரிணையில் அவளுக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. கடல் மயக்கத்துக்கு அஞ்சிக் கப்பல் பயணத்தையே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சிங்கப்பூர்ப் பாதையைத் தயங்காமல் சொல்வேன்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டுக் காலையில் போய்ச் சேர்வதால், அன்றே கப்பல் ஏறலாம் என்று முகவர் அட்டவணை தந்தார். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது என்பது ஒருபுறம் இருக்க, தூக்கம் கெட்ட எண்பது வயதுக்காரர் பெட்டி ஒப்படைப்பு, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை என்று மூன்று வரிசைகளைக் கடந்து கப்பலுக்குள் போனால் முதல் இரண்டு நாட்கள் படுக்கையில்தான் கழியும். அதனால் முந்தைய நாளே போய், செராங்கூன் சாலைப் பக்கம் தங்கி, இட்லி சாப்பிட்டு, நன்றாகத் தூங்கிவிட்டு மறுநாள் மரீனா பே கப்பல் முனையத்துக்குப் போனோம். எங்கள் முழுத் திட்டத்தில் மிக அதிகப் பயன் தந்தது அந்த ஓர் இரவுதான். மடக்கும் சக்கர நாற்காலியைச் சென்னையிலிருந்தே எடுத்துப் போனதும் சரியாக அமைந்தது. பெரும்பாலான கப்பல்களில் அவர்களுடைய நாற்காலியை ஏறவும் இறங்கவும் மட்டுமே தருகிறார்கள்.

உள்ளே போனபின் பெரிய கப்பலின் இயல்பு புரிந்தது. எல்லாமே கைபேசிச் செயலி வழியாக நடக்கிறது. நாடக அரங்கில் இடம், சில உணவகங்களில் மேசை, கரையில் இறங்கும் நேரம் ஆகிய அனைத்தையும் அதில் பதிவு செய்ய வேண்டும். என் மகன் முதல் மணி நேரத்திலேயே எல்லா இரவுகளுக்கும் இடம் பிடித்துவிட்டதால் தொல்லை இல்லை. நானும் என் கணவரும் மட்டும் போயிருந்தால் தடுமாறியிருப்போம். அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் சீனத்திலும் வந்தன. என் தாயார் தனியே அறையை விட்டுப் போகவில்லை. சென்னைக் கப்பலில் தாமாக நடமாடியவர் இங்கே எப்போதும் ஒருவர் துணையோடுதான் இருந்தார். புதிய பெரிய கப்பலைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதியவருக்கு முழுநேரத் துணையாக யார் இருப்பது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அந்தப் பொறுப்பு வீட்டில் ஒரே பெண்ணின் தலையில் விழுந்துவிடும். எங்கள் வீட்டில் காலைப் பொழுது என் கணவருக்கு, மாலை எனக்கு, இரவுக் காட்சி நேரம் பேரனுக்கு என்று வகுத்திருந்தோம்.

சாப்பாட்டில் குறையில்லை. இந்தியச் சைவ உணவு ஒவ்வொரு வேளையும் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் வட இந்தியச் சமையல். சாதம், பருப்பு, தயிர் மூன்றையும் வைத்துக்கொண்டு என் தாயார் நிறைவாகவே சாப்பிட்டார். ஃபில்டர் காபிக்கு வழியில்லை. அவசரகாலப் பயிற்சியைச் சிலர் அலட்சியம் செய்வதைப் பார்த்தேன். 2012-இல் இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ கவிழ்ந்த விபத்துக்குப் பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி கடுமையாக்கப்பட்டது. நமக்குரிய கூடுமிடம் எது, சக்கர நாற்காலியில் இருப்பவரை லிஃப்ட் ஓடாதபோது யார் இறக்குவார்கள் என்பதை அந்த நேரத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் துறையில் கப்பல் எப்படி நிற்கும் என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்டது எங்களுக்கு மிகவும் உதவியது. பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையில் நேராகக் கட்டப்படுகிறது. ஜார்ஜ் டவுன் நகரம் அங்கேயே தொடங்குகிறது. 1833-இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயிலும் லிட்டில் இந்தியா தெருக்களும் கிட்டத்தில் இருப்பதால், கப்பல் நிறுவனத்தின் கட்டணச் சுற்றுலாவை எடுக்காமல் நாங்களே போய்வந்தோம். போர்ட் கிளாங் அப்படியல்ல; கோலாலம்பூர் போகச் சாலையில் ஒரு மணி நேரம் ஆகும். புக்கெட் தீவில் பல கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் பயணிகளை இறக்குகின்றன. ஆடும் படகில் கால்வைத்து ஏற முடியாதவர்கள் கப்பலிலேயே இருக்க நேரும். என் தாயார் பினாங்குத் தெருவில் பூக்காரரிடம் தமிழில் பேசி விலை கேட்டு மல்லிகை வாங்கினார். தம் தந்தையார் வேலை பார்த்த தெருவின் பெயரைச் சொல்லி வழி கேட்டார். தெரு இருந்தது, கடை இருந்த இடத்தில் வேறு கட்டடம் இருந்தது. அங்கே சிறிது நேரம் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். அதற்காகவே இவ்வளவு தூரம் வந்தோம் என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியது.

யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். முதியவர்கள் மட்டும் போகிறார்கள் என்றால், அல்லது கப்பல் பயணம் பிடிக்குமா என்றே தெரியாமல் முதல்முறை போகிறார்கள் என்றால், சென்னையிலிருந்து புறப்படும் கப்பலே சிறந்தது. செலவும் அலைச்சலும் குறைவு. பிடிக்கவில்லை என்றாலும் சில நாட்களில் வீடு திரும்பிவிடலாம். கைபேசியையும் ஆங்கிலத்தையும் கையாளத் தெரிந்த இளையவர் ஒருவர் உடன்வந்து, கப்பலுக்கு முன்னால் ஓர் இரவும் பின்னால் ஓர் இரவும் தங்குவதற்கு நேரமும் பணமும் இருந்தால், சிங்கப்பூர்க் கப்பல் அந்தச் செலவுக்கு ஈடானதைத் தரும். அந்த இரண்டு இரவுகளைக் குறைத்துப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய நிலை இருந்தால், அந்த ஆண்டு சென்னைக் கப்பலில் போய்விட்டு சிங்கப்பூருக்கு இன்னும் ஓர் ஆண்டு சேமிப்பது நல்லது.

அடுத்த முறை நாங்கள் இரண்டாகப் பிரிந்து போவதாக இருக்கிறோம். சென்னைப் பருவத்தின் தேதிகள் வந்ததும் என் தாயார், என் நாத்தனார், நாங்கள் இருவர் என நால்வரும் இங்கிருந்து போவோம். இரண்டே கேபின்கள், கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், லிஃப்டுக்கு அருகில் என்று முகவரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். மகன் குடும்பம் டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகள் கேட்ட கப்பலுக்குப் போகிறது. அவனுடைய விமானச் சீட்டு கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளுக்கு எடுக்கப்பட்டிருக்கிறது.